உலக உருண்டையில் நம்ம ஊர்ப் பள்ளம்

(கோவையில் இயற்கை ஆர்வலர்களின் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



கூகுள் எர்த்தை முதன்முதலாகத் திறந்தபோது எதைத் தேடினீர்கள் என்று யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். தாஜ்மகால் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். எங்கள் வீட்டு மொட்டை மாடி என்பார்கள். நானும் அப்படித்தான். ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து உலக உருண்டையைச் சுழற்றினேன். இந்தியா, தமிழ்நாடு, கோவை என்று இறங்கி, எங்கள் மாடியில் கறுப்பாக நின்ற தண்ணீர்த் தொட்டியைக் கண்டுபிடித்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. அடுத்ததாக, சின்ன வயதில் நீச்சல் பழகிய குளத்தைத் தேடினேன். குளம் இருக்க வேண்டிய இடத்தில் பச்சைப்பசேலென்று ஒரு மைதானம் கிடந்தது.

குளத்தை மூடிவிட்டார்கள் என்றே முடிவு கட்டினேன். யாரைத் திட்டலாம் என்று மனசுக்குள் ஒரு பட்டியலும் தயாராகிவிட்டது. அந்த வாரக் கடைசியில் பஸ் ஏறிப் போய்ப் பார்த்தால், கரை இருக்கிறது, மதகு இருக்கிறது. கரையோரம் எருமை மேய்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம், “தண்ணி எங்கீங்க?” என்று கேட்டேன். “தண்ணி கெடக்குதுங்க தம்பி. தடி ஒண்ணெடுத்து வெலக்கிப் பாருங்க” என்றார். விலக்கினேன். ஆகாயத்தாமரைக்கு அடியில் இடுப்பளவு தண்ணீர் கிடந்தது.

இன்றைக்கு நான் பேச வந்தது அந்தத் தடியைப் பற்றித்தான். உலகம் முழுக்க நடக்கிற இயற்கைப் பாதுகாப்பு வேலைகளைக் கணினி உருண்டையில் குறித்து வைக்கிற முயற்சிகள் இருபது வருடமாக நடக்கின்றன. நம் கொங்கு நாட்டிலும் குளம், காடு, யானை வழித்தடம் என்று எத்தனையோ பேர் வேலை செய்கிறார்கள். அதையெல்லாம் ஒரே வரைபடத்தில் ஏற்றினால் என்ன என்று இங்கே இளைஞர்கள் சிலர் கேட்டார்கள். ஏற்றலாம், ஏற்றவும் வேண்டும். ஆனால் தடி இல்லாமல் ஏற்றினால் என்ன ஆகும் என்பதையும் பேசிவிடுவோம்.

நம் சீமையை அளக்க வந்த முதல் ஆள் கூகுள்காரன் இல்லை. 1802-இல் சென்னைப் பரங்கிமலைப் பக்கம் அடிக்கோடு போட்டு நில அளவையைத் தொடங்கிய வில்லியம் லாம்டன், சில வருடங்களில் கோவைப் பக்கம் வந்துவிட்டார். நட்சத்திரங்களைப் பார்த்து அட்சரேகையைக் கணிக்க அவர் கூடாரம் அடித்த இடம் பச்சாபாளையம். பதினொரு பாகைக்கு மயிரிழை குறைவு என்று கணக்குப் போட்டார். ஆங்கிலத்தில் அந்த ஊர்ப் பெயரை அவர் எழுதியிருக்கிற லட்சணத்தைப் பார்த்தால் உள்ளூர்க்காரருக்கே அடையாளம் தெரியாது. பாகை, கலை, விகலை வரைக்கும் துல்லியம். பெயரில் மட்டும் கோட்டை விட்டுவிட்டார். இருநூறு வருடம் கழித்தும் வரைபடக்காரர்களிடம் இந்தப் பழக்கம் போகவில்லை.  

லாம்டனுக்குப் பின்னால் வருவாய்த்துறையின் நிலமளக்கிற சங்கிலி வந்தது. அதன் வாரிசுதான் இன்றைக்கும் நம் வி.ஏ.ஓ. ஆபீசில் இருக்கிற எப்.எம்.பி. என்கிற புலப்படம். உங்கள் தோட்டத்துக்கு எத்தனை கல், எந்தக் கல்லுக்கும் எந்தக் கல்லுக்கும் எவ்வளவு தூரம் என்று அதில் இருக்கும். பக்கத்தில் ஓடுகிற வாய்க்காலும் புறம்போக்கு என்று இருக்கும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

கூகுள் எர்த் வந்தது 2005 ஜூனில். அந்த அக்டோபரிலேயே, அப்போது குடியரசுத் தலைவராக இருந்த நம் அப்துல் கலாம், இப்படி எல்லா இடத்தையும் எல்லோரும் பார்க்க முடிந்தால் நாட்டின் பாதுகாப்பு என்னாவது என்று கவலை தெரிவித்தார். ராக்கெட் விட்டவர் சொன்ன கவலை என்பதால் அதற்குக் கனம் இருந்தது. 2009-இல் இஸ்ரோ ‘புவன்’ என்று தன் உருண்டையைக் கொண்டுவந்தது. 2021 பிப்ரவரியில் மத்திய அரசு வரைபட விதிகளைத் தளர்த்திய பிறகு, இந்தியர்கள் வரைபடம் தயாரிக்க முன் அனுமதி கேட்டு அலைகிற காலமும் பெரும்பாலும் முடிந்தது. அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள்கள் 1972 முதல் எடுத்துச் சேர்த்த படங்கள் 2008-இலிருந்து இலவசம். ஒரு பாலிடெக்னிக் மாணவன் நினைத்தால், தன் ஊர்க் குளத்தின் ஐம்பது வருடச் சரித்திரத்தை ஒரு ராத்திரியில் பார்த்துவிடலாம்.

இந்த உருண்டை சாதித்த இரண்டு காரியங்களைச் சொல்கிறேன். கலிபோர்னியாவில் சாண்டா குரூஸ் மலைப்பகுதியில் ரெபெக்கா மூர் என்ற பெண்மணி குடியிருந்தார். 2005-இல் அவர் வீட்டுக்கு ஒரு நோட்டீஸ் வந்தது. பக்கத்துக் காட்டில் மரம் வெட்டப்போகிறோம் என்று, புரியாத கறுப்பு வெள்ளை வரைபடம் ஒன்றை இணைத்திருந்தார்கள். நம்மூரில் கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு வருமே, அதே ரகம். அவர் அந்த எல்லையை எடுத்து உருண்டையில் ஏற்றி, மலைமேல் பறந்து போகிற மாதிரி அக்கம்பக்கத்தாருக்குப் போட்டுக் காட்டினார். பள்ளிக்கூடம் எங்கே, குடிநீர் ஓடை எங்கே, வெட்டுகிற இடம் எங்கே என்று கண்ணுக்கு முன்னால் வந்ததும் ஊர் திரண்டது. திட்டம் நின்றது. கூகுளிலேயே வேலை பார்த்த அந்த அம்மாள் 2007-இல் உலகத்தின் தொண்டு அமைப்புகளுக்கு இந்த வித்தையைச் சொல்லிக்கொடுக்கும் பிரிவைத் தொடங்கினார். பிரேசிலின் சுருயீ பழங்குடித் தலைவர் அல்மிர் அதே வருடம் அவர்களைத் தேடிப்போய், என் காட்டை உங்கள் உருண்டையில் சரியாகக் காட்டுங்கள் என்று கேட்டார். முதியவர்கள் சொல்லச் சொல்ல, வேட்டைத் தடம், போர் நடந்த இடம், மருந்து மரம் என்று எல்லாம் ஏறியது. பிற்பாடு அந்தக் காட்டுக்குள் சுரங்கக்காரர்களும் மரக்கள்ளர்களும் புகுந்துவிட்டார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். வரைபடத்தைப் பார்த்துத் திருடன் பயப்படுவதில்லை.

இரண்டாவது, மொசாம்பிக்கின் மாபு மலை. 2005-இல் ஜூலியன் பேலிஸ் என்ற விஞ்ஞானி உருண்டையில் கரும்பச்சையாக ஒரு திட்டைப் பார்த்தார். ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனால், சுமார் ஏழாயிரம் ஹெக்டேரில் மழைக்காடு. அறிவியல் அதுவரை பெயர் வைக்காத பச்சோந்தியும் பாம்பும் வண்ணத்துப்பூச்சியும் அங்கே கிடைத்தன. ‘கூகுள் காடு’ என்று பத்திரிகைகள் கொண்டாடின. எனக்கு அந்தப் பெயரில் கொஞ்சம் வருத்தம். அந்த மலையடிவார மக்கள் உள்நாட்டுப் போரின்போது உயிர் பிழைக்க ஒளிந்துகொண்டதே அந்தக் காட்டில்தான். அவர்களுக்கு அது தொலையவே இல்லை. பிறகு எப்படிக் கண்டுபிடிப்பது?

சரி, நம்ம ஊருக்கு வருவோம். வரைபடத்தால் நிஜமாகவே உயிர் பிழைக்கிற இடத்தைப் பார்க்க வேண்டுமானால் வால்பாறைக்குத்தான் போக வேண்டும். சுமார் 220 சதுர கிலோமீட்டர் மேட்டுநிலம். தேயிலை, காபித் தோட்டம், நடுநடுவே துண்டு துண்டாகச் சோலைக்காடு. சுற்றிலும் ஆனைமலைப் புலிகள் காப்பகமும் கேரளக் காடுகளும். யானைக்கு இந்த மேட்டைத் தாண்டிப் போக வேண்டியிருக்கிறது. அந்தி சாய்ந்து பஸ் இறங்கி லயத்துக்கு நடக்கிற தொழிலாளிக்கு, அடுத்த வளைவில் யானை நிற்பது தெரியாது. யானையால் நேர்ந்த சாவுகளில் பெரும்பாலானவை இப்படி எதிர்பாராமல் முட்டிக்கொண்டதால் வந்தவை.

இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையைச் சேர்ந்த ஆய்வாளர்கள், முக்கியமாக ஆனந்தகுமார், வருடக்கணக்காக யானைக்கூட்டங்களைப் பின்தொடர்ந்து எங்கே நிற்கின்றன, எந்த ஆற்றங்கரை வழியாகப் போகின்றன என்று புள்ளி புள்ளியாகக் குறித்தார்கள். நடுவாறும் சோலையாறும் அவற்றின் கரையோரக் காடுகளும் யானைகளின் ராஜபாட்டை என்பது அதில் தெரிந்தது. இதோடு நின்றிருந்தால் ஒரு நல்ல ஆராய்ச்சிக் கட்டுரை ஆகியிருக்கும். அவர்கள் அந்தப் புள்ளிகளை ஊருக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். முதலில் உள்ளூர் கேபிள் டி.வி.யில் அடியில் ஓடுகிற செய்தியாக, இன்ன எஸ்டேட்டில் யானை நிற்கிறது என்று போட்டார்கள். 2011-இலிருந்து அந்தந்தப் பகுதிக்காரர்களின் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி. அப்புறம் மேடான இடங்களில் சிவப்பு விளக்குகள். பக்கத்தில் யானை இருந்தால், அதற்கென்று எண் பதிந்துள்ளவர்கள் ஒரு போன் போட்டால் விளக்கு மினுக்கும். எழுதப் படிக்கத் தெரியாத அம்மாளும் தூரத்திலிருந்தே பார்த்துச் சுதாரித்துக்கொள்வார். 2015-இல் ஆனந்தகுமாருக்கு இதற்காக இயற்கைப் பாதுகாப்புக்கான விட்லி விருது கிடைத்தது.

இந்த விளக்கு விஷயத்தில் நான் ரசிக்கிறது ஒன்று. விளக்கைப் போடுகிறவர்களில் அந்த ஊர்க்காரர்களே இருக்கிறார்கள். வரைபடத்தில் புள்ளி வைக்கிறவரும் அந்தப் புள்ளியை நம்பி வீட்டுக்கு நடக்கிறவரும் ஒரே லயத்தில் குடியிருந்தால், அதில் பொய்ப்புள்ளி வராது. வேறெந்த வரைபடத்துக்கும் இவ்வளவு கண்டிப்பான தணிக்கை கிடையாது.

இப்போது பச்சை நிறத்தின் மோசடிக்கு வருகிறேன். டேராடூனில் இருக்கிற இந்திய வன அளவீட்டு நிறுவனம் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை காடு எவ்வளவு என்று அறிக்கை தருகிறது. அதன் கணக்குப்படி, ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் மரக்கிளைகள் பத்து சதவீதத்துக்கு மேல் நிழல் விரித்தால் அது வனப்பரப்பு. யாருடைய நிலம், என்ன மரம் என்ற கேள்வியே இல்லை. பொள்ளாச்சிக்காரர்கள் இங்கே யாராவது இருந்தால் கை தூக்குங்கள். வாழ்த்துகள், உங்கள் தென்னந்தோப்பு காடுதான்! செயற்கைக்கோள் மேல் குற்றமில்லை. அதற்குப் பச்சை தெரியும், இளநீர் வெட்டுவது தெரியாது. வறண்ட குளத்தில் மண்டிய சீமைக்கருவேலமும் அதற்குப் பச்சை. என் குளத்து ஆகாயத்தாமரையும் பச்சை.

இன்னும் பெரிய வம்பு, ‘காடு’ என்ற சொல்லிலேயே இருக்கிறது. “காட்டுக்குப் போயிட்டு வந்தர்றேனுங்க” என்று நம்ம ஊரில் ஒருவர் சொன்னால் மானாவாரி நிலத்துக்குச் சோளம் பார்க்கப் போகிறார் என்று அர்த்தம். வெளியூரிலிருந்து வந்து வரைபடம் போடுகிற ஒரு பிள்ளை அதை வனம் என்று எழுதிக்கொண்டு போனால், அவனைக் குறை சொல்ல முடியுமா? பள்ளம் என்ற சொல்லும் அப்படித்தான். மற்ற ஊரில் பள்ளம் என்றால் குழி. நமக்கு அது ஓடை. சங்கனூர்ப் பள்ளம் குழியல்ல, மழை வந்தால் நகரத்தின் பாதித் தண்ணீரைச் சுமக்கிற ஆறு. பள்ளத்தைக் குழி என்று எண்ணினால் மண் கொட்டி நிரப்பத் தோன்றும். நிரப்பியும் இருக்கிறோம்.

காங்கயம் பக்கம் கொறங்காடு என்று ஒன்று உண்டு. பாதிப் பேருக்குத் தெரிந்திருக்கும், மீதிப் பேருக்காகச் சொல்கிறேன். முள்ளுக்கிளுவையை உயிர்வேலியாக வைத்து, உள்ளே கொழுக்கட்டைப்புல்லும் அங்கங்கே வெள்வேல மரமும் வளர்த்து, வேலிக்குள் மாடுகளை மாற்றி மாற்றி மேய விடுகிற நிலம். காங்கயம் காளையின் திமிலுக்குப் பின்னால் இருப்பது இந்தப் புல். உருண்டையில் தாராபுரம், காங்கயம், மூலனூர் என்று கொஞ்சம் கிட்டே போய்ப் பாருங்கள். மங்கலான பழுப்பு நிலத்தின் மேல் கரும்பச்சைக் கோடுகள் வலை பின்னினாற்போல் கிடக்கும். அத்தனையும் கிளுவை வேலி. அரசாங்கமோ பெரிய அமைப்போ இல்லாமல், தலைமுறை தலைமுறையாகக் குடும்பங்கள் நடத்தி வருகிற இயற்கைப் பாதுகாப்புத் திட்டம் இது. ஆனால் எந்த உலக வரைபடத்திலும் ஒரு புள்ளி இதற்குக் கிடையாது. கோடையில் எடுத்த படத்தை வைத்து ஒரு கணினி வகை பிரித்தால், இது தரிசு என்று போய்விடுவதற்கே வாய்ப்பு அதிகம். தரிசு என்று எழுதியாயிற்று என்றால், அடுத்து வருவது காற்றாலையோ சோலார் பேனலோ வீட்டு மனையோ. உங்கள் வரைபடத்தில் முதலில் ஏற வேண்டியது கொறங்காடுதான் என்பது என் கட்சி.

கோடு போடுவது என்றாலே மலையோர விவசாயிக்கு ஏன் வயிற்றைக் கலக்குகிறது என்பதையும் புரிந்துகொள்ள வேண்டும். 2011-இல் மத்திய அரசு அமைத்த மாதவ் காட்கில் குழு மேற்குத் தொடர்ச்சி மலையை ஒன்பது கிலோமீட்டருக்கு ஒன்பது கிலோமீட்டர் என்று கட்டங்களாகப் பிரித்து நிறம் தீட்டியது. அடுத்து வந்த கஸ்தூரிரங்கன் குழு, ஒரு கிராமத்தில் ஐந்தில் ஒரு பங்கு நிலம் சூழல் முக்கியத்துவம் உள்ளது என்று தெரிந்தால் கிராமம் மொத்தத்தையும் அந்தப் பட்டியலில் சேர்த்தது. இரண்டிலும் நல்ல அறிவியல் இருக்கிறது. காட்கில் அறிக்கையைக் கிராமசபைகளில் வைத்துப் பேச வேண்டும் என்று அந்தக் குழுவே சொன்னது. அது பெரும்பாலும் நடக்கவில்லை. என் தோட்டம் எந்த நிறம் என்று கேட்டவருக்குப் பதில் சொல்ல ஆளில்லை. அந்த இடத்தைப் புரளி நிரப்பியது.

நொய்யல் ஆற்றுக்கு இந்த உருண்டை செய்கிற உபகாரம் வேறு மாதிரி. பழைய தேதிப் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்க்கிற வசதி இருக்கிறதல்லவா, அதை வைத்துக்கொண்டு அந்த ஆற்றின் ஒரத்துப்பாளையம் அணைக்குப் போங்கள். 1992-இல் பாசனத்துக்கென்று கட்டினார்கள். திருப்பூர்ச் சாயக்கழிவு வந்து தேங்கி, விவசாயிகளே இந்தத் தண்ணீர் வேண்டாம் என்று கோர்ட்டுக்குப் போன அணை அது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உத்தரவிட்டது. அணை நிறைந்திருந்த வருடமும் வெறுமையாகக் கிடக்கிற வருடமும் படத்தில் தெரியும். தண்ணீரின் உப்பு தெரியாது, ஆயக்கட்டில் பட்டுப்போன தென்னையின் கணக்கும் தெரியாது. அந்தப் புள்ளியைத் தட்டினால் ஒரு விவசாயியின் குரல் கேட்கும்படி வைக்கலாம். இப்போதெல்லாம் அது சுலபம்.

நல்ல சேதியும் உண்டு. அதே திருப்பூரில் நஞ்சராயன் குளம் 2024 ஆகஸ்டில் ராம்சர் பட்டியலில் ஏறியது. ஈரோட்டு வெள்ளோடு பறவைகள் சரணாலயம் அதற்கு இரண்டு வருடம் முந்தி. உலகத்தின் முக்கியமான நீர்நிலைகளைக் காட்டுகிற வரைபடத்தில் இன்றைக்கு நம் கொங்கு நாட்டுக்கு இரண்டு புள்ளிகள். பட்டியலில் ஏற்றுவதற்கு எல்லை வரைந்து கொடுக்க வேண்டும், எத்தனை வகைப் பறவை வருகிறது என்று எழுத வேண்டும். பறவைக் கணக்கு ஒரே நாளில் வந்துவிடுவதில்லை. திருப்பூர் இயற்கைக் கழகத்தார் போலப் பல வருடம் விடிகாலையில் பைனாகுலரோடு கரையில் நின்றவர்களின் நோட்டுப் புத்தகம் வேண்டும்.

கோவைக் குளங்களைப் பற்றிச் சொல்லாமல் போனால் நீங்கள் என்னை விடமாட்டீர்கள். 2013 கோடையில் உக்கடம் பெரியகுளத்தைத் தூர்வார மாநகராட்சியோடும் சிறுதுளி போன்ற அமைப்புகளோடும் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமைகளில் மண்வெட்டியோடு போனவர்கள் இந்த அரங்கில் இருக்கிறீர்கள். அதற்கு முந்தைய படத்தையும் பிந்தைய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் உங்கள் வியர்வை தெரியும். பிற்பாடு ஸ்மார்ட் சிட்டி வந்து கரையெல்லாம் கான்கிரீட்டும் நடைபாதையும் விளக்கும் போட்டது. மேலிருந்து பார்க்க அம்சமாக இருக்கிறது. சாய்வான மண்கரையில் கால் வைத்து இரை தேடுகிற பறவைக்கு அங்கே என்ன வேலை என்று படம் சொல்லாது. சாயந்திரம் நடைப்பயிற்சி போகிறவர்கள் எண்ணிச் சொல்ல வேண்டும்.

எல்லாப் புள்ளியையும் ஊருக்குக் காட்ட வேண்டியதில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சந்தன மரம் நிற்கிற இடம், ஆந்தைக் கூடு, அரிய ஆர்க்கிட் பூத்த பாறை, இதையெல்லாம் பகிரங்கமாகக் குறித்தால் முதலில் வருகிறவன் திருடன், இரண்டாவது வருகிறவன் கேமராக்காரன். கூட்டைக் கலைப்பதில் இரண்டாமவன் முதலாமவனுக்குச் சளைத்தவன் இல்லை. பறவை பார்ப்போர் பயன்படுத்துகிற ஈபேர்டு தளமே ஆபத்திலுள்ள சில இனங்களின் இடத்தை மறைத்துத்தான் காட்டுகிறது. நீங்களும் மறையுங்கள்.

இனி வேலை. ஒவ்வொரு புள்ளியிலும் நான்கு சேதி இருந்தால் போதும் என்று நினைக்கிறேன். ஊர்க்காரர் சொல்கிற பெயர், யார் பார்த்துக்கொள்கிறார்கள், எப்போது தொடங்கியது, கடைசியாக ஒரு மனிதர் நேரில் போய்ப் பார்த்த தேதி. நான்காவதில்தான் உலகத்தின் பெரிய பெரிய வரைபடங்களெல்லாம் தோற்றுப்போகின்றன. பணம் இருக்கிற வரைக்கும் புள்ளி ஏற்றுவார்கள், திட்டம் முடிந்ததும் ஆள் போய்விடும். புள்ளி மட்டும் பத்து வருடம் மினுங்கிக்கொண்டிருக்கும், கல்யாணம் முடிந்தும் கழற்றாத சீரியல் லைட் மாதிரி. ஆறு மாதம் யாரும் போகாத புள்ளி தானாகச் சாம்பல் நிறமாக மாறட்டும். கூச்சப்பட்டாவது யாராவது போவார்கள்.

நான் முதலில் மனதில் வைக்கச் சொன்ன எப்.எம்.பி.யை இப்போது எடுங்கள். வாய்க்காலை மறித்துச் சுவர் கட்டியவரிடம் கூகுள் படத்தைக் காட்டினால் அவர் சிரிப்பார். கோர்ட்டில் நிற்பது புலப்படமும் வருவாய்த்துறையின் அ-பதிவேடும்தான். அந்தக் காகிதக் கோட்டைக் கல்லோடு கல் பொருத்தி உருண்டையின் மேல் போர்த்துங்கள். கொஞ்சம் இழுக்கும், கொஞ்சம் கோணும், ஒரு ரிட்டயர்டு சர்வேயர் கூட இருந்தால் சரியாகிவிடும். அப்போதுதான் வாய்க்கால் பதிவேட்டில் எவ்வளவு அகலம், தரையில் எவ்வளவு மிச்சம் என்று தெரியும்.

சித்திரைச்சாவடி அணைக்கட்டிலிருந்து தொடங்கலாம் என்று பேசிவைத்திருக்கிறோம். அந்த வாய்க்கால்தான் நரசாம்பதி, கிருஷ்ணாம்பதி, செல்வாம்பதி, முத்தண்ணன் குளம் என்று வரிசையாகத் தண்ணீர் கொண்டுபோகிறது. வருகிற ஞாயிறு காலை ஆறு மணிக்கு அணைமேட்டில் கூடுவோம். புலப்பட நகல், சார்ஜ் போட்ட போன், தண்ணீர் பாட்டில், தொப்பி. வழியில் தோட்டத்துக்காரர் யாரைப் பார்த்தாலும் நின்று, அந்த மதகுக்கு என்ன பேர், அந்தக் குட்டைக்கு என்ன பேர் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ரெண்டு பேர் ரெண்டு விதமாகச் சொன்னால் ரெண்டையும் எழுதுங்கள். ஆளுக்கொரு தடியும் எடுத்து வாருங்கள், நாய்க்கும் ஆகும், ஆகாயத்தாமரைக்கும் ஆகும். வெயில் ஏறுவதற்குள் இரண்டு குளமாவது முடித்துவிடலாமுங்க.